ஆறு அங்குல உயரம்

வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் ஊருக்கு அனுப்பும் புகைப்படங்களில் ஒரு வகை உண்டு. பின்னணியில் செம்மணல் மேடு. நடுவில் இடுப்பளவு சக்கரங்களுடன் ஒரு பிக்கப் வண்டி. அதன் முன்மூடியில் கையூன்றிப் பிள்ளை நின்றுகொண்டிருப்பான். உம்மா அந்தப் படத்தை அண்டை வீட்டாருக்குக் காட்டி மாஷா அல்லாஹ் என்று மகிழ்வார். வண்டி பெரும்பாலும் அவனுடையதாக இராது. அர்பாபுடையதாகவோ நண்பனின் நண்பனுடையதாகவோ இருக்கும். படமெடுத்த பிறகு அந்த வண்டி எங்கே போயிற்று, எப்படித் திரும்பி வந்தது, யார் வந்து இழுத்தார்கள் என்பவை படத்தில் வருவதில்லை. வெள்ளிக்கிழமைத் தொலைபேசிப் பேச்சிலும் வருவதில்லை. அவற்றில் சிலவற்றை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

மஸ்கட்டில் பதினான்கு ஆண்டுகள் கணக்கராக இருந்தேன். என் பெரியும்மா மகன், எனக்குக் காக்கா முறை, இப்ராவில் ஓர் ஒமானியரின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். விடுமுறை கிடைத்தால் நான் மஸ்கட்டிலிருந்து அவரிடம் போய்விடுவேன். பட்டறையின் பின்புறத்தில் ஒரு வண்டி எப்போதும் நிற்கும். 1990களில் அர்பாபின் தந்தை வாங்கிய லேண்ட் குரூசர் பிக்கப். 75 வரிசை என்பார்கள். ஓட்டுநரோடு மூவர் அமரும் ஒற்றை அறை, பின்னால் திறந்த தொட்டி, முன்னும் பின்னும் லாரிகளில் இருப்பதுபோல் பட்டை ஸ்பிரிங். ஒட்டகங்களுக்குத் தீவனமும் தோட்டத்துப் பேரீச்சம்பழமும் சுமப்பதற்காக வாங்கப்பட்ட வண்டி அது. தந்தை மறைந்தபின், இளமை மிடுக்கில் அர்பாப் அதை ஒரு கடையில் கொடுத்து உயர்த்தினார்.

உயர்த்துதல் என்றால் என்னவென்று வீட்டிலிருப்போர்க்கும் விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். பழைய பட்டைகளைக் கழற்றிவிட்டு வளைவு மிகுந்த பட்டைகளைப் பூட்டுவார்கள். இந்த வண்டியில் அதனால் கிடைத்தது நான்கு அங்குலம். பிறகு பெரிய டயர்கள். டயரின் விட்டம் நான்கு அங்குலம் கூடினாலும் வண்டி இரண்டு அங்குலம்தான் உயரும். அச்சு டயரின் நடுவில் அல்லவா இருக்கிறது. ஆக மொத்தம் ஆறு அங்குலம். பார்ப்பவர்கள் வண்டி முழுவதும் ஆறு அங்குலம் உயர்ந்துவிட்டதாகவே நினைப்பார்கள். உண்மையில், இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சும் அதன் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியலும் டயர் கொடுத்த இரண்டு அங்குலம் மட்டுமே மேலே போயிருக்கின்றன. பட்டை கொடுத்த நான்கு அங்குலமும் உடம்புக்குத்தான். பாறை வந்து இடிப்பதோ அந்தக் குடத்தின்மேல். "மாடியைத் தூக்கிக் கட்டியாச்சு, வாசற்படி இருந்த இடத்துலதான் இருக்கு" என்பார் காக்கா.

உயரத்துக்கு விலையும் உண்டு. எங்கள் காயல்பட்டினத்தில் தோணியில் சரக்கேற்றிப் பழகிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எடையை அடியில் வைத்தால் தோணி நிமிர்ந்து நிற்கும். அதே எடையை மேலே அடுக்கினால் சிறு அலைக்கும் தலை சாயும். வண்டியும் அப்படியே. சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் பெரிதாக மாறாமல் எடையின் மையம் மட்டும் மேலே போனால், கவிழ்வதற்குத் தேவையான சாய்வு குறைந்துவிடுகிறது. இதைத் தவிர, இயந்திரத்திலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் கோணம் மாறுகிறது. பிரேக் குழாய்கள் இழுபட்டு விறைக்கின்றன. முன்னச்சின் சாய்வு மாறுவதால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் இயல்பு மங்குகிறது. உயர்த்தித் தருகிற கடை இவற்றையெல்லாம் ஈடுசெய்து தரவேண்டும். இந்த வண்டியை உயர்த்திய கடை பட்டையையும் டயரையும் மாற்றிப் பணத்தை வாங்கிக்கொண்டதோடு சரி. எஞ்சியவற்றைப் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தவர் காக்காதான்.

சரிசெய்வதற்கு முந்தைய காலத்தில் அது ஒருமுறை செய்த வேலையை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். சரளைச் சாலையில், பலகையில் துணி துவைப்பதுபோல் வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த ஓரிடத்தில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்து ஆடத் தொடங்கின. ஸ்டியரிங் காக்காவின் கையை உதறிற்று. அவர் பிரேக்கை அழுத்தித் தேய்க்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வேகம் தானாக இறங்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பத்து விநாடிகூட இராது. தேய்ந்த இணைப்புகளும் மாறிப்போன அச்சுச் சாய்வும் சேர்ந்தால் இப்படி நேரும் என்று பிறகு விளக்கினார். மறுநாள் வண்டியின் முன்பக்கம் முழுவதும் கழற்றப்பட்டுப் பட்டறைத் தரையில் கிடந்தது.

இப்ராவுக்குத் தெற்கே, பித்யாவைத் தாண்டினால் ஷர்கிய்யா மணற்பரப்பு தொடங்கும். வஹீபா மணல் என்பது பழைய பெயர். பனூ வஹீபா கோத்திரத்தாரின் நிலம் என்பதால் அப்படி வழங்கியது. வடக்கே மலையடிவாரத்திலிருந்து தெற்கே அரபிக்கடலை நோக்கி ஏறத்தாழ 180 கிலோமீட்டர், குறுக்கே 80 கிலோமீட்டர், பரப்பளவு 12,500 சதுர கிலோமீட்டர். பெரிய மணல்மேடுகள் வடக்கு தெற்காக வரிசை வரிசையாக நீண்டு கிடக்கும். இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் ஓட்டுவது எளிது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு மேட்டைக் கடந்து போவதில்தான் கதைகள் உண்டாகின்றன.

மணலுக்குள் இறங்குமுன் டயரின் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்குவார்கள். 35 பவுண்டு இருந்தது 15க்கு வந்துவிடும். டயர் தொய்ந்து நீளவாக்கில் பரந்து, ஒட்டகத்தின் பாதம்போல் எடையை விரித்து வைக்கும். பெரும்பாலான வண்டிகளைக் காப்பது இந்தச் செலவில்லாத வேலைதான், உயரமல்ல. ஆனால் காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் இழுபடுவதைத் தாங்காது. சட்டென்று வளைத்தால் விளிம்பிலிருந்து கழன்றுவிடும்.

ஒரு பெருநாள் விடுமுறையில் அர்பாப் ஓட்ட, பக்கத்தில் நான் இருந்தேன். காக்கா பட்டறையின் வேறொரு வண்டியில் பின்னால் வந்தார். மேட்டை நேராக ஏறி நேராக இறங்க வேண்டும் என்பது அங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். உச்சியில் இன்னொரு வண்டி எதிர்ப்படவே, அதற்கு வழிவிட்டு அர்பாப் சற்றுச் சாய்வாகத் திரும்ப நேர்ந்தது. கீழ்ப்பக்கத்துப் பின்சக்கரம் மணலில் புதைந்தது. அந்த நிலையில் மேல்நோக்கித் திருப்பத்தான் கை துடிக்கும். ஆனால் இறக்கத்தை நோக்கித் திருப்புவதே முறை. அர்பாப் முறையாகவே திருப்பினார். பழைய பட்டைகளோடு இருந்த வண்டியானால் அது போதுமாக இருந்திருக்கும் என்று காக்கா இன்றும் சொல்வார். இந்த வண்டியோ ஒரு கணம் யோசித்தது. பிறகு, வயதான ஒட்டகம் படுப்பதைப்போல மிக மெதுவாக, என் பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

சத்தமே இல்லை. சன்னல் கண்ணாடிக்கு அப்பால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் இருந்தது. எனக்கு மேலே இருக்கைப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்த அர்பாப், "லா இலாஹ இல்லல்லாஹ்" என்றார். பெட்ரோல் வாடை வந்தது. "சாவியைத் திருப்புங்க! இன்ஜினை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே காக்கா ஓடிவந்தார். எங்களை மேல்பக்கக் கதவு வழியாக இழுத்தெடுத்தபின் இழுவைப் பட்டையைக் கட்டி மெல்ல நிமிர்த்தினார்கள். வண்டி நான்கு காலில் நின்றதும் அர்பாப் சாவியைப் போடப் போனார். காக்கா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பக்கவாட்டில் படுத்த இயந்திரத்தில், அடியிலிருக்கும் எண்ணெய் சிலிண்டர்களுக்குள் இறங்கியிருக்கலாம். எண்ணெய் காற்றைப்போல் அமுங்கிக் கொடுக்காது. அந்த நிலையில் இயந்திரத்தைச் சுழற்றினால் உள்ளிருக்கும் கம்பிகள் வளைந்துவிடும். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சுழற்றியபோது, இரண்டு துளைகளிலிருந்து கறுத்த எண்ணெய் பீறிட்டுக் காக்காவின் பெருநாள் சட்டையை நனைத்தது. அர்பாப் சிரித்தார். ஆனால் இப்ரா போய்ச் சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

மணலில் நேர்வது மணலோடு போய்விடும், உதறினால் உதிர்ந்துவிடும். சப்கா அப்படியல்ல. கடலோரத்தில் உப்புநீர் ஊறி வற்றி, மேலே கெட்டியான ஓடும் அடியில் களியுமாகக் கிடக்கும் சமநிலத்தைச் சப்கா என்பார்கள். ஒமானின் கிழக்குக் கரையில், மணற்பரப்புக்குத் தெற்கே, பர் அல் ஹிக்மான் என்ற தீபகற்பம் உள்ளது. குளிர்காலத்தில் தொலைதூரத்திலிருந்து இலட்சக்கணக்கான கரைப்பறவைகள் வந்து இறங்கும் இடம். அங்கு மீனவர் சிலரின் வண்டியைப் பழுதுபார்க்கக் காக்கா கிளம்பியபோது நானும் உடன் போனேன். முன்பு போன வண்டிகளின் தடம் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தடம் பதிந்தபோது நிலம் காய்ந்திருந்திருக்கிறது. இடையில் ஒரு பெரிய ஓதம் ஏறி இறங்கிவிட்டது. மேலோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது அந்த ஊர்க்காரர்களுக்கே கடினம்.

ஓடு உடைந்ததும் வண்டி அச்சுவரை அமிழ்ந்தது. இங்கேதான் ஆறு அங்குலம் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். சாதாரண வண்டியாக இருந்தால் ஈரம் தொடங்கும் ஓரத்திலேயே வயிறு தட்டி நின்றிருக்கும். நாங்கள் இறங்கி நடந்து கரையேறியிருப்போம். உயர்ந்த வண்டி அந்த ஓரத்தைத் தாண்டி, அதற்கடுத்த சேற்றையும் தாண்டி, கெட்டித் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போய் நின்றது. கைபேசியில் தொடர்பு இல்லை. ஜாக்கியை வைத்தால் வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் கீழே போயிற்று. தொட்டியிலிருந்த பலகையை அடியில் போட்டோம், பலகையும் போயிற்று.

குடிநீர் இருபது லிட்டர் இருந்தது. அதில் ஒரு சொட்டைக்கூட ஒளூவுக்கு எடுக்கக் காக்கா சம்மதிக்கவில்லை. தயம்மும் செய்து, பயணிகளுக்குரிய சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். மதரஸாவில் பாடமாக ஓதிய சட்டம் அது. அதற்கு உண்மையிலேயே தேவை ஏற்பட்டது எனக்கு அன்றுதான். அது டிசம்பர் மாதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூனில், 45 பாகை வெயிலில் என்றால் இருபது லிட்டர் இருவருக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்கராகிய நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், விடை பிடிக்கவில்லை.

வராததைக் கண்டு, மாலையில் மீனவர்களே தேடிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வண்டிகள். கெட்டித் தரையிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டு முதியவர் ஒருவர் நடந்து வந்தார். எங்கள் வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கான இரும்பு உருண்டை ஒன்று இருந்தது. அதில் கயிற்றைக் கட்டலாமே என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. சேறு வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் இழுக்கும் விசை முழுதும் அந்த உருண்டையின்மேல் ஏறும். முறிந்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பறந்து எதிரில் வரும் எதையும் துளைத்துவிடும் என்று சைகையால் காட்டினார். உருண்டையை விட்டுவிட்டுச் சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில் கட்டச் சொன்னார். மீன்பிடிக் கயிறுகளைப் பின்னிப் பின்னி நீட்டி, நடுவில் ஈரச் சாக்கொன்றைத் தொங்கவிட்டார். கயிறு அறுந்தாலும் சாக்கின் எடை அதைத் தரையில் விழச் செய்யும். எல்லாரையும் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் போய் நிற்கச் சொன்னபிறகுதான் இழுக்கத் தொடங்கினார்கள். வண்டி வெளியே வந்தபோது இஷா கடந்திருந்தது. காக்கா ஒரு மாதம்வரை அதன் அடிவயிற்றை நன்னீரால் கழுவிக்கொண்டே இருந்தார். அப்படியும் அடுத்த ஆண்டு பிரேக் குழாய்கள் துருவேறி மாற்ற வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் ஆண்கள் மட்டும் போன பயணங்கள். சட்டை கெட்டது, நேரம் கெட்டது, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வாதியைப் பற்றி.

கிழக்கு ஹஜர் மலையின் ஒரு கிராமத்துக்கு மூன்று குடும்பங்களாகச் சுற்றுலா போயிருந்தோம். எல்லாரும் நம் ஊர்ப்பக்கத்தார். இரண்டு சாதாரணக் கார்களில் பெண்களும் பிள்ளைகளும். காக்காவின் பிக்கப்பில் சமையல் சாமான்களும் பாய்களும். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கார் ஒன்றில் இருந்தார்கள். போகும்போது சாலை ஒரு வாதியைக் குறுக்கே கடந்தது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகை, கூழாங்கல் மட்டும். மாலையில் திரும்பும்போது அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே ஒரு துளி மழை இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்தில் கறுத்திருந்தது.

அங்குள்ள மலை வெறும் பாறை. மண்ணோ மரமோ அதிகம் இல்லாததால் பெய்த மழை ஊறுவதில்லை. அத்தனையும் வாதிக்கு வந்துவிடும். எங்கோ பெய்த மழை எப்போது வந்து சேரும், வந்தது முழுதா முன்னோடியா என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் போலிருந்தது. கலங்கலில் அடி தெரியவில்லை. கார்கள் போக முடியாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. உடன் வந்த ஒருவர் ஒரு வழி சொன்னார். பிக்கப் உயரமாக இருக்கிறதே, பெண்களையும் பிள்ளைகளையும் தொட்டியில் ஏற்றி இரண்டு நடையில் அக்கரை சேர்த்துவிடலாம். அங்கிருந்து டாக்ஸி பிடித்து மஸ்கட் போய்விடலாம். கார்களை நாளை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. போன மாதம்தான் ஒருநாள் தாமதமாகப் போய் எச்சரிக்கை வாங்கியிருந்தார். அவருடைய சிறிய பிள்ளைக்கு உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

காக்கா தண்ணீரின் ஓரத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு கூழாங்கல்லை நீர்மட்டத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் கல் மூழ்கியது. எழுந்து வந்து, "வண்டி இறங்காது" என்றார்.

2007 ஜூனில் கோனு புயல் ஒமானைத் தாக்கியபோது காக்கா அங்கே புதிதாக வந்திருந்தார். மஸ்கட்டின் வாதிகள் கார்களை உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர். ஓடும் நீரின் விசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஓரடி ஆழத்தில் ஓடும் நீர் சிறு கார்களைத் தள்ளிவிடும். இரண்டடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். வண்டியின் உயரம் இயந்திரத்துக்குள் தண்ணீர் போகாமல் சற்று நேரம் காக்கும். டயர்கள் பெரிதாக இருப்பதோ, காற்றடைத்த பெரிய மிதவைகள் நான்கைக் கட்டிக்கொண்டு இறங்குவது போன்றது. போதாக்குறைக்கு, ஓடும் வாதியைத் தெரிந்தே கடப்பது ஒமானில் சிறைத் தண்டனைக்கும் உரிய குற்றம்.

இதையெல்லாம் அவர் அப்போது சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நண்பர், "தவக்கல்து அலல்லாஹ்னு இறங்க வேண்டியதுதானே மச்சான், அல்லாஹ் பார்த்துக்குவான்" என்றார். காக்கா, "என் உசுரு மட்டும்னா வேற பேச்சு. இது அமானிதம்" என்று காருக்குள் இருந்த பிள்ளைகளைக் காட்டினார். பிறகு வண்டியின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து எங்களுடையதைப் போலவே உயர்த்திய இன்னொரு வண்டி வந்தது. உள்ளூர் இளைஞர்கள் நால்வர். நின்று பார்த்தார்கள்; ஏதோ பேசினார்கள்; இறங்கிவிட்டார்கள். நடுவில் வண்டியின் பின்புறம் ஒரு முறை இடப்பக்கமாக நழுவியது. பிறகு பிடித்துக்கொண்டு அக்கரை ஏறி, ஒலிப்பானை முழக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நண்பர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அவர் மனைவி காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காக்காவை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் மனைவி என்னிடம், "நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்" என்றாள். "சாவி காக்காகிட்ட இருக்கு, அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

கரையிலிருந்து விலகி மேட்டு நிலத்துக்குப் போய்ப் பாய்களை விரித்தோம். கிராமத்தார் ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்தார்கள். ஒரு மூதாட்டி பிள்ளையின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டு, விடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். நள்ளிரவுக்குமேல் வாதியின் ஓசை மாறியது. கற்கள் உருளும் சத்தம் கேட்டது. பெரிய வெள்ளமா, அதே ஓட்டம் இருட்டில் பெரிதாகக் கேட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸுப்ஹுக்குப் பிறகு தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது. எட்டு மணிக்குக் கடந்தோம். நண்பருக்கு அன்றைய சம்பளம் பிடிக்கப்பட்டது. இரண்டாவது எச்சரிக்கையும் வந்தது. காக்காவோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான்கு பேர் கடந்துபோனதை எல்லாரும் பார்த்திருக்க, தன் குடும்பத்தை மட்டும் ஒருவர் தடுத்து வைத்தார் என்பதே அவர் மனத்தில் நின்றது. கல்யாண வீடுகளில் இருவரும் ஒரே ஸஹனில் உட்காராதபடி பார்த்துக்கொள்வது எங்கள் வேலையாயிற்று.

அது நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஏப்ரலில், இப்ராவுக்கு அடுத்த வட்டாரமான முதைபியில், சமத் அஷ்ஷான் என்ற ஊரில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வாகனம் ஒன்றை வாதி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். அல்லாஹ் அவர்களுடைய பெற்றோருக்குப் பொறுமையைத் தருவானாக. அந்தச் செய்தி வந்த இரவு நண்பர் காக்காவுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பழையதை எதுவும் எடுக்கவில்லையாம். "மச்சான், நல்லா இருக்கீங்களா? அங்க மழை எப்படி?" என்று மட்டும் கேட்டாராம். காக்காவும் மழையைப் பற்றி மட்டுமே சொன்னாராம்.

அதே ஆண்டு அர்பாபின் மூத்த மகனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. பாட்டனாரின் வண்டி தனக்கே வேண்டும் என்று அவன் சிறு வயது முதல் சொல்லிக்கொண்டிருந்தான். கொடுப்பதற்கு முன் வண்டியை முழுதாகப் பார்த்துவிடச் சொல்லி அர்பாப் காக்காவிடம் விட்டார். காக்கா மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள், "அர்பாப், பழைய உயரத்துக்கே இறக்கிவிடவா?" என்று கேட்டார். அர்பாப் உடனே விடை சொல்லவில்லை. அவருடைய இளமையை அல்லவா கழற்றப் போகிறார்கள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மணலில் படுத்தபோது நசுங்கிய கதவுப் பக்கம் வந்து நின்று, அந்த நெளிவைக் கையால் தடவினார். பிறகு, "இறக்கு" என்றார்.

காக்கா புதிய பட்டைகளை வரவழைத்தார். வழக்கமான அளவு, வழக்கமான வளைவு. டயர்களும் பழைய அளவுக்கு வந்தன. வேலை முடிந்த அன்று வண்டி குனிந்து ஸலாம் சொல்வதுபோல் இருந்தது என்று எனக்கு எழுதினார். மகன் வந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நண்பர்களின் வண்டிகளுக்கு நடுவில் இது மட்டும் குள்ளமாக நிற்கும் என்பது அவன் வருத்தம். இரண்டு வாரம் தொடவே இல்லையாம். கழற்றிய பட்டைகளைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போனபிறகு, வேறு வழியில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டான்.

சென்ற குளிர்காலத்தில் நண்பர்களோடு பித்யா பக்கம் போனவன், எதிர்பார்த்தபடியே மணலில் சிக்கினான். முதல் மேட்டிலேயே வயிறு தட்டிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு அவன் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினான். கைபேசித் தொடர்பு நன்றாக இருந்தது. காக்கா மண்வெட்டியும் கயிறும் எடுத்துக்கொண்டு அர்பாபோடு கிளம்பினார். போய்ப் பார்த்தால், தார்ச்சாலையிலிருந்து வண்டியின் விளக்கு தெரிந்தது. இவர்கள் தங்கள் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மணலில் நடந்தே போய்ச் சேர்ந்தார்களாம். பையன்கள் அதற்குள் தீ மூட்டிக் காப்பி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.